நட்சத்திரக் குறியும் 627-ம்

கணினி விளையாட்டில் வீரனுக்கு அடி பட்டதும் "வீரன்.காயம்.தீ" என்பது போல ஒரு செய்தி நிரலுக்குள் கிளம்பும். ஒலி, திரை, மதிப்பெண் ஆகிய பகுதிகள் "வீரன்.*" என்று முன்பே சொல்லி வைத்திருக்கும். நட்சத்திரக் குறிக்கு 'பின்னால் எது வந்தாலும் சரி' என்று பொருள். ஒவ்வொரு செய்தியையும் எல்லாப் பதிவுகளோடும் ஒப்பிட்டால் ஆட்டம் திணறிவிடும்.

இதே திணறல் இந்தியத் தபால் துறைக்கும் இருந்தது. ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் முகவரிகள். இதற்குத் தீர்வாக ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது.

அம்பாசமுத்திரத்தின் எண் 627401. அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று வடக்கே தபால் பிரிப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. 6 என்றால் தெற்கு, 627 என்றால் திருநெல்வேலி. மீதி 401-ஐ நெல்லையில் பார்த்துக்கொள்வார்கள். தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்துக்கோ 628, அது வேறு பை.

கணினியில் இதற்கு 'ட்ரை' என்று பெயர். 1960-ல் எட்வர்ட் ஃப்ரெட்கின் வைத்த பெயர் அது. செய்தியைப் புள்ளி புள்ளியாகப் பிரித்து, மரத்தில் கிளை கிளையாக இறங்கினால் பொருந்தாத பதிவுகளைத் தொடவே வேண்டாம்.

ஆனால் "*.தீ" என்று குறி முன்னால் வந்தால் இந்த லாபம் குறைந்துவிடும். முதல் மூன்று இலக்கம் அழிந்து, 401 மட்டும் மிஞ்சிய கடிதத்தை எந்த ஊர்ப் பையில் போடுவது?