விபத்துக்குப் பின் வைத்தியம் யார் கையில்?

நினைவுப் பேருரை என்றால் மறைந்தவரின் பெருமையைப் பேசிவிட்டு இறங்குவது வழக்கம். அதைவிட, அவர்கள் பாதியில் விட்டுப்போன வேலையில் ஒரு துண்டையாவது எடுத்துப் பேசுவது மேல் என்று நினைக்கிறேன். நான் எடுத்துக்கொண்டது சின்னத் துண்டு. வேலையில் அடிபட்டவரை எந்த ஆஸ்பத்திரிக்கு யார் கொண்டுபோகிறார்கள், அங்கே எழுதப்படும் காகிதம் யார் பைக்குள் போகிறது என்பதன் வரலாறு அது.

நெய்வேலியைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். நிலம் போனது, ஊர் பெயர்ந்தது, பணி நிரந்தரம் ஆகாதது, இழப்பீட்டுத் தொகை எல்லாவற்றையும் பேசியாயிற்று. ஆனால் தொகையைத் தீர்மானிப்பது ஊன விழுக்காடு. அந்த விழுக்காட்டை எழுதுகிறவர் மருத்துவர். அந்த மருத்துவர் யாருடைய ஆள் என்று நாம் அதிகம் கேட்டதில்லை.

1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டிஷ் சட்டம்தான் அதற்கு முன்மாதிரி. அதன் 11ஆம் பிரிவை நம் பேச்சுத் தமிழில் சொல்கிறேன். விபத்து நடந்ததாகத் தொழிலாளி தகவல் கொடுத்த மூன்று நாளுக்குள் முதலாளி, "என் செலவில் ஒரு டாக்டரை வைத்துப் பார்க்கிறேன்" என்று சொன்னால் தொழிலாளி உடம்பைக் காட்டியாக வேண்டும். மறுத்தால் இழப்பீட்டு உரிமை அந்தரத்தில் நிற்கும். அப்படிக் காட்டாமல் வேலை செய்த இடத்தைவிட்டுத் தானாகக் கிளம்பிப் போனாலும், திரும்பிவந்து காட்டும்வரை உரிமை கிடையாது.

இந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். சொந்த ஊரில் கூலி இல்லாமல் வெளியூர் போய் வரிசைக் குடியிருப்பில் தங்கி உழைத்தவர்கள் யார் என்று இந்த அரங்கில் நான் சொல்ல வேண்டியதில்லை. கை நசுங்கியவன் முதலில் தேடுவது தன் வீட்டுத் திண்ணையைத்தான். சோறு ஊட்ட, புண் துடைக்க அங்கேதான் ஆள் உண்டு. சட்டம் அந்தத் திண்ணையைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது.

அதே பிரிவில் இன்னொன்றும் உண்டு. முதலாளி இலவசமாகத் தரும் வைத்தியத்தைத் தொழிலாளி நியாயமில்லாமல் மறுத்து, பதிவுபெற்ற வேறு மருத்துவரிடமும் ஒழுங்காகப் போகாமல், அதனால் காயம் முற்றிவிட்டதாக நிரூபணமானால், ஒழுங்கான வைத்தியம் பார்த்திருந்தால் காயம் எந்த அளவில் நின்றிருக்குமோ அந்த அளவுக்குத்தான் இழப்பீடு. எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்கு ஓடும் சனம் நாம். பதிவேட்டில் பெயரில்லாத கட்டு வைத்தியர் சட்டத்தின் கணக்கில் வைத்தியரே அல்ல. கட்டு வைத்தியத்தை நான் போற்றிப் பாடவில்லை, இறுக்கிக் கட்டிக் கையையே இழந்தவர்களும் உண்டு. ஆனால் அயோத்திதாசப் பண்டிதர் ஒரு சித்த மருத்துவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வைத்தியம் தெரிந்த ஒரு சமூகம் தன் காயத்துக்குத் தானே சாட்சி சொல்ல முடியாத நிலை அப்போதுதான் எழுத்தில் ஏறியது.

பண்டிதரின் பௌத்த சங்கம் கிளைவிட்ட மாரிக்குப்பம் கோலார் தங்கவயலில் இருக்கிறது. அங்கே சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி தமிழ்ப் பேசும் ஒடுக்கப்பட்ட மக்கள். கம்பெனிக்கென்று பெரிய ஆஸ்பத்திரியும் இருந்தது. 1947இல் வெளியான ஆய்வொன்று 7,653 சுரங்கத் தொழிலாளரைச் சோதித்து, 43.7 விழுக்காட்டினரின் நுரையீரலில் சிலிக்கா தூசி நோய் இருப்பதாகச் சொன்னது. முதலாளி பக்கத்து டாக்டர் என்றால் பொய்தான் எழுதுவார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கோலார் வேறொன்றைக் காட்டுகிறது. உண்மையை அளந்து எழுதிவிடலாம், ஆனால் அந்த எக்ஸ்ரே படம் யாருடைய அலமாரியில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. கல்நார் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டு, எது பிந்தையதோ அதுவரை உடல்நலப் பதிவுகளைக் காக்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. அலமாரிச் சாவி மட்டும் கைமாறவில்லை.

சாவியை மாற்ற ஒரு முயற்சி நடந்தது. 1942 முதல் 1946 வரை வைசிராய் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1943 டிசம்பரில் அவர் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தார். அதே ஆண்டு மார்ச்சில் தொழிலாளர் நலக் காப்பீட்டுக்குத் திட்டம் எழுத பேராசிரியர் அடார்க்கர் நியமிக்கப்பட்டார். 1944 ஆகஸ்டில் அறிக்கை வந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம். முதலாளியும் தொழிலாளியும் ஒரு நிதியில் பணம் போடுவார்கள், டாக்டருக்குச் சம்பளம் முதலாளி கையிலிருந்து வராது. ஊன விழுக்காட்டை மருத்துவ வாரியம் சொல்லும், அது தவறென்றால் மேல்முறையீடு உண்டு. இ.எஸ்.ஐ. மருந்தகத்து வரிசையும், விபத்து நடந்த பிறகு அவசரமாகப் பெயர் பதியும் காண்ட்ராக்டர்களும் நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அடிபட்டவர் முதலாளியிடம் சீட்டு கேட்டு நிற்க வேண்டாம் என்பது பெரிய மாற்றம்.

அந்த 1948 சட்டம் சுரங்கத்தை வெளியே நிறுத்திவிட்டது. சுரங்கச் சட்டத்துக்கு உட்பட்ட இடம் தொழிற்சாலை ஆகாது என்று வரையறையிலேயே எழுதிவிட்டார்கள். 1956இல் நெய்வேலி நிறுவனம் தொடங்கியபோது சுரங்கத்தில் இறங்கியவருக்கு மிஞ்சியது 1923 சட்டமும் டவுன்ஷிப்புக்குள் நிறுவனமே கட்டிய ஆஸ்பத்திரியும்தான். நிரந்தரத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, கேட்டு வாங்கினார். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் காலனிகளிலிருந்து போன ஒப்பந்தக் கூலிக்கு முதலாளி யார் என்பதே தகராறு. காண்ட்ராக்டரின் ஆளுக்கும் மூல முதலாளியே பொறுப்பு என்று 12ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அடிபட்ட நேரத்தில் பக்கத்தில் நிற்பவர் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர். ஒப்பந்தப் பதிவேட்டில் சாதிக்குப் பத்தி கிடையாது. விடியற்காலையில் வேன் எந்தத் தெருவில் நின்று ஆள் ஏற்றுகிறது என்று பார்த்தால் போதும்.

2020 மே 7இலும் ஜூலை 1இலும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்தன. ஜூலை விபத்தில் அன்றே 6 பேர் இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களும் அடுத்தடுத்து இறந்ததில் எண்ணிக்கை இரு மடங்கைத் தாண்டியது. கடுமையாக வெந்தவர்களைச் சென்னையின் தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சென்னையில் அப்போது முழு ஊரடங்கு. அந்த வைத்தியம் தேவைதான், அதைக் குறைசொல்லவில்லை. எங்கே கொண்டுபோவது, எப்போது வீட்டுக்கு அனுப்புவது என்று முடிவுசெய்யும் மேசையில் குடும்பத்துக்கு ஒரு நாற்காலி சட்டத்தில் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்கிறேன். நியூயார்க் மாநிலத்தில், வாரியம் அங்கீகரித்த மருத்துவர்களில் ஒருவரைத் தொழிலாளி தானே தேர்ந்தெடுக்கலாம். நம் சட்டமும் முதலாளி சொல்லும் டாக்டரிடம்தான் வைத்தியம் பார்க்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அவருக்குக் கொடுத்தது பரிசோதிக்கும் உரிமை. அதுவே நடைமுறையில் வைத்தியத்தை நடத்தும் உரிமையாக வளர்ந்துவிட்டது.

பத்திரிகையில் வராத காயங்கள் இதைவிட அதிகம். முந்திரிக் கொட்டை எண்ணெய் பட்டு வெந்த கை, கன்வேயரில் போன விரல். ரொக்கம் கட்டி ஒரு கிளினிக்கில் தையல் போட்டுவிட்டு, "வீட்டில் விழுந்ததாகச் சொல்லு" என்பார்கள். 2009 திருத்தத்தின்படி வைத்தியச் செலவு முழுவதையும் முதலாளி திருப்பித் தர வேண்டும், உச்சவரம்பு இல்லை. பில் தொழிலாளி பெயரில் இருந்தால்தானே? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இந்தப் பரிசோதனை ஏற்பாடு தொடர்கிறது.

சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, ஆள்காட்டி விரல் போனால் 14. ஒரிசாவில் ஜெய்ப்பூர் நகரத்துச் சினிமா கொட்டகையில் வேலைசெய்த தச்சர் ஒருவர் 1968இல் கீழே விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேல் எடுக்க வேண்டிவந்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு 100 விழுக்காடு என்றார் ஆணையர். உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. டாக்டர் அளப்பது உடம்பை, பிழைப்பை அளக்க வேறு கண் வேண்டும் என்பதற்கு நான் இந்த வழக்கைத்தான் எப்போதும் சொல்வேன்.

அந்த வழக்கு வரைக்கும் போக முதல் காகிதம் சரியாக இருக்க வேண்டும். பண்ருட்டி அரசு மருத்துவமனையோ கடலூரோ ஜிப்மரோ, அவசரப் பிரிவில் விபத்துப் பதிவேடு எழுதுவார்கள். எங்கே, எப்படி அடிபட்டது, யார் அழைத்துவந்தார் என்று அதில் கேட்பார்கள். சூப்பர்வைசர் முந்திக்கொண்டு பதில் சொல்வதற்குள் வேலையிடத்தின் பெயரை அடிபட்டவரோ வீட்டாரோ சொல்லிவிட வேண்டும். மருத்துவக் குழும விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளின் நகலைத் தர வேண்டும். காலனியில் படித்த பிள்ளை ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கூட அனுப்புங்கள். "எப்படி அடிபட்டது" என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லட்டும்.