மின்தடையை அளந்த ஆசிரியர்

மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். அவ்விரண்டையும் பெருக்கினால் வலு கிடைக்கும். இன்று பாடசாலை மாணவர் சில நிமிடங்களிற் செய்து முடிக்கும் கணக்கு இது. ஆயினும், இந்த எளிய வகுத்தலை அறிவுலகம் ஏற்கும்படி செய்வதற்கு ஒருவர் தம் வாழ்வின் சிறந்த ஆண்டுகளை விலையாகக் கொடுக்க நேர்ந்தது. அவரே ஜேர்மனி நாட்டு அறிஞர் கேயோர்க் சைமன் ஓம்.

இன்று பவேரியா மாநிலத்தைச் சேர்ந்துள்ள எர்லாங்கன் நகரில் 1789 ஆம் ஆண்டு ஓம் பிறந்தார். தந்தையார் பூட்டுச் செய்யும் கொல்லர். தாமாகவே கணிதம் பயின்று, தம் மைந்தர்க்கும் அதனைக் கற்பித்தவர். தந்தையிடம் பெற்ற கணித அறிவும் கைத்திறனும் பிற்காலத்தில் மைந்தர்க்குப் பெருந்துணையாயின. 1817 இல் கொலோன் நகரத்து உயர்பாடசாலையில் ஓம் ஆசிரியரானார். அங்கிருந்த ஆய்வுகூடமே அவருடைய தவச்சாலையாயிற்று.

அக்காலத்தில் மின்னியல் இளம்பருவத்திலிருந்தது. இத்தாலிய அறிஞர் வோல்ற்றா அமைத்த மின்கல அடுக்கு 1800 இல் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. கம்பியிற் பாயும் மின்னோட்டம் அருகிலுள்ள காந்த ஊசியைத் திருப்பும் என்பதை 1820 இல் டென்மார்க்கு நாட்டு எயர்ஸ்ரெட் கண்டார். ஊசி திரும்பும் அளவைக்கொண்டு மின்னோட்டத்தை மதிப்பிட வழி பிறந்தது. எனினும், மின்கலத்தின் வன்மையும் கம்பியின் நீளமும் பருமனும் அந்த ஓட்டத்தை எவ்வாறு நிருணயிக்கின்றன என்பது தெளிவாகவில்லை.

1825 இல் ஓம் வெளியிட்ட முதற் கட்டுரை பிழையான சூத்திரம் ஒன்றைத் தந்தது. பிழை அவருடைய கணிதத்தில் இல்லை; மின்கலத்தில் இருந்தது. சுற்று மூடப்பட்டவுடன் அக்காலத்து மின்கலத்தின் வலிமை குன்றத் தொடங்கும். நிலையாக நில்லாத மூலத்தைக்கொண்டு நிலையான விதியை எவ்வாறு காண்பது? பொக்கெண்டோர்வ் என்ற அறிஞர் இதற்கு ஒரு வழி கூறினார். இரு வேறு உலோகங்களை இணைத்து, ஒரு பொருத்தைச் சூடாகவும் மற்றதைக் குளிராகவும் வைத்தால் மின்னோட்டம் பிறக்கும் என்பதைச் சீபெக் முன்னரே கண்டிருந்தார். அந்த வெப்ப இணையைப் பயன்படுத்துமாறு அவர் ஓமுக்கு ஆலோசனை கூறினார்.

ஓம் பிசுமதுவையும் செம்பையும் இணைத்தார். ஒரு பொருத்தைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். இவ்விரண்டின் வெப்பநிலையும் மாறாதிருப்பதால் மூலமும் மாறாதிருந்தது. நீளம் வேறுபட்ட எட்டுச் செம்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றிற் சேர்த்து, தொங்கும் காந்த ஊசியின் திருப்பத்தை நுணுக்கமாக அளந்தார். கம்பியின் நீளம் கூடக்கூட ஓட்டம் குறைந்தது. சுற்றின் மற்றப் பகுதிகளின் தடையையும் கம்பியின் தடையையும் கூட்டி, அத்தொகையால் மூலத்தின் வலிமையை வகுத்தபோது, கண்ட அளவும் கணித்த அளவும் ஒத்துவந்தன. 1826 இல் பிறந்த இவ்விதியே ஓமின் விதி எனப் பெயர் பெற்றது.

மறு ஆண்டு பேர்லினில் அவருடைய நூல் வெளிவந்தது. வெப்பம் பாய்வதைப் பூரியே கணித முறையால் விளக்கியதுபோல, மின்சாரம் பாய்வதையும் விளக்கலாம் என அது காட்டியது. ஆனால், உரிய வரவேற்பு அதற்குக் கிட்டவில்லை. அளவும் கணிதமுமின்றி, எண்ணத்தால் மட்டுமே இயற்கையை விளக்க முயன்ற தத்துவப் போக்கு அங்கு அப்போது செல்வாக்குப் பெற்றிருந்தது. ஓம் கொலோன் பதவியைத் துறந்தார். எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவியோ கிட்டவில்லை. சில ஆண்டுகள் பேர்லினிற் சொற்ப ஊதியத்திற்குக் கற்பித்து வாழ்ந்தார். 1833 இல் நூரம்பேர்க்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் பெற்றார். 1841 இல் இலண்டன் அரச சங்கம் கொப்லி பதக்கம் வழங்கிய பின்னரே அவர் புகழ் நிலைபெற்றது. மியூனிக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் பதவி கிட்டியபோது ஆண்டு 1852. ஈராண்டில் அவர் மறைந்தார்.

இவ்வுண்மையை ஓமுக்கு முன்னரே கண்டவர் ஒருவருண்டு. ஆங்கில அறிஞர் கவெண்டிஷ், 1781 இல் உப்புக் கரைசல் நிரம்பிய கண்ணாடிக் குழாய்களின் வழியே மின்சாரத்தைச் செலுத்தி, தம் உடலில் உணர்ந்த அதிர்ச்சியையே அளவுகோலாகக் கொண்டு இதனை அறிந்தார். ஆனால் அவர் அதை வெளியிடவில்லை. 1879 இல் மாக்ஸ்வெல் அவருடைய குறிப்புகளைப் பதிப்பிக்கும்வரை அவை உறங்கிக் கிடந்தன. பழிக்கு அஞ்சாது வெளியிட்டவரின் பெயரே விதிக்கு நிலைத்தது.

வலுவின் கணக்கை நிறைவு செய்தவர் ஆங்கிலேயரான ஜூல். கம்பிச் சுருளை நீரில் அமிழ்த்தி, அந்நீர் பெறும் வெப்பத்தை அவர் அளந்தார். ஓட்டம் இருமடங்காயின் வெப்பம் நான்மடங்காகும் என்பதையும், அது தடைக்கேற்பக் கூடும் என்பதையும் 1840 இல் நிறுவினார். இதனை ஓமின் விதியுடன் சேர்த்தால், வலு என்பது அழுத்தமும் ஓட்டமும் சேர்ந்த பெருக்கமே என்பது பெறப்படும்.

நம் இல்லங்களில் வழங்கும் 230 வோல்ற்று அழுத்தத்தில் ஒரு மின்னடுப்பு 5 அம்பியர் ஓட்டத்தைப் பெறுவதாகக் கொள்வோம். 230 ஐ 5 ஆல் வகுக்க அதன் தடை 46 ஓம். பெருக்க அதன் வலு 1150 வாற்று. ஒரு மணி நேரத்திற்கு அது 1.15 அலகு மின்சாரத்தைச் செலவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை வேண்டும். வெப்பநிலை மாறினால் தடையும் மாறும். 60 வாற்று இழைவிளக்கு ஒளிரும்போது அதன் தடை ஏறக்குறைய 880 ஓம். குளிர்ந்திருக்கும்போதோ அதில் பத்திலொரு பங்கிற்கும் குறைவு. ஓம் தம் மூலத்தின் வெப்பநிலையை அவ்வளவு கவனமாகக் காத்தது வீணன்று.

தொலைதூரம் மின்சாரத்தை அனுப்புவதும் இக்கணக்கின்படியே நடைபெறுகிறது. அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால், அதே வலுவை அனுப்பப் பத்திலொரு பங்கு ஓட்டமே போதும். கம்பியில் வீணாகும் வெப்பம் நூறிலொரு பங்காகிவிடும். மலைநாட்டு நீர்வீழ்ச்சியின் ஆற்றல் சமவெளி நகரங்களுக்குச் சிதையாது வந்து சேர்வது இதனாலேயாம்.

1881 இல் பாரிஸ் நகரிற் கூடிய அனைத்துலக மின்னியலாளர் மாநாடு, தடையின் அலகுக்கு ஓம் என்ற பெயரை முறைப்படி ஏற்றுக்கொண்டது. அப்போது அவர் மறைந்து இருபத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன. வாழ்நாளிற் பல்லாண்டு பதவி தேடி அலைந்த அந்த ஆசிரியரின் பெயர், இன்று உலகின் எல்லா மொழிகளிலும் மின்னியல் பயிலும் மாணவரின் நாவில் வழங்குகின்றது.