ஆரோகணம்னா என்ன? பசங்களையே ஸ்வரமா நிக்க வெச்சுப் பாருங்க!

பாட்டு கிளாஸ்ல 'ஆரோகணம்னா என்ன?'னு கேட்டா, 'ஏறுவரிசை'னு குழந்தைகள் டக்குனு சொல்லிடுவாங்க. 'சரி, இப்போ நான் பாடினது ஏறுச்சா, இறங்குச்சா?'னு கேட்டா முழிப்பாங்க. வார்த்தை மனப்பாடம் ஆகிடுச்சு. காதுக்குப் போய்ச் சேரலை. இதைச் சரிசெய்ய ஒரு விளையாட்டு போதும்.

ஐடியா புதுசு இல்லை. சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில், குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களின் பெயரை ஏழு பெண்களுக்கு வைத்து, வட்டமாக நிறுத்தி ஆடவைப்பாள் மாதரி. நாமும் அதையேதான் செய்யப்போகிறோம்.

ஏறு, இறங்கு: எட்டுப் படிகளில் எட்டுப் பேரை நிறுத்துங்க. படி இல்லையா? தரையில் சாக்பீஸால் எட்டு வட்டம். ஸ, ரி, க, ம, ப, த, நி, மேல் ஸ. மொபைலில் சுருதிப்பெட்டி ஆப்பை ஆன் பண்ணி, கீபோர்டின் வெள்ளைக் கட்டைகளில் 'ஸி'யிலிருந்து வரிசையாக வாசிங்க. அவரவர் ஸ்வரம் வரும்போது கையைத் தூக்கிப் பாடணும். மேலே போனால் ஆரோகணம், கீழே வந்தால் அவரோகணம். முதல் ஸ, மேல் ஸ ரெண்டுக்கும் ஒரே பெயர், ஆனா வேற வேற படி. 'ஸ்தாயி' புரிஞ்சிடுச்சா!

தாளம் போடு: மற்றவர்கள் ஆதி தாளம் போடட்டும். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை: இது லகு. தட்டித் திருப்புவது திருதம். அது இரண்டு முறை. மொத்தம் எட்டு. எட்டு ஸ்வரமும் கச்சிதமா உட்காரும்.

காலம் மாத்து: தாளத்தின் வேகம் மாறக் கூடாது. ஒரு எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம் என்றால் முதல் காலம், ரெண்டு என்றால் இரண்டாம் காலம். இப்போ ஏறி இறங்கும் 16 ஸ்வரமும் ஒரே ஆவர்த்தனத்தில் முடியும். இரண்டாம் காலம்னா தாளத்தையே வேகமா போடணும்னு நினைக்கிற குழப்பம் இங்கேயே தீர்ந்துடும்.

ரெண்டு பேர் அவுட்: 'ம', 'நி' ரெண்டு பேரையும் உட்காரச் சொல்லுங்க. மிச்சம் இருப்பவர்கள் பாடட்டும். இதுவரை சங்கராபரணமாக இருந்தது, இப்போ மோகனம்! ஏறும்போதும் இறங்கும்போதும் ஐந்தே ஸ்வரம் இருந்தால் அது ஔடவ ராகம்.

ஒரே ஒரு ரூல்: பெயரை முதலில் சொல்லாதீங்க. முதலில் பாடட்டும், பிறகு 'இதுக்குப் பேருதான் ஆரோகணம்'னு சொல்லுங்க. 'எனக்குப் பாட வராது'னு ஒதுங்குற குழந்தையைத் தாளம் போடும் அணிக்குத் தலைவராக்குங்க. அந்தக் குழந்தை தட்டினால்தான் பாட்டே ஆரம்பிக்கும்!