பொருளும் வாக்கியமும்: ஆங்கில அகராதி மாணவரைக் கண்டடைந்த வரலாறு

ஒரு சொல்லைக் கற்பது என்றால் அதன் பொருளை அறிவதா, அதை ஒரு வாக்கியத்தில் பிழையின்றி அமைக்க அறிவதா? இன்று நம் மாணவர்கள் கையாளும் ஆங்கில அகராதிகளில் எளிய பொருள் விளக்கமும், அதனை அடுத்து எடுத்துக்காட்டு வாக்கியமும் இடம்பெறுவதை இயல்பான அமைப்பாகவே எண்ணுகிறோம். ஆனால் அவ்விரண்டும் மாணவரை மனத்திற்கொண்டு ஒன்றுசேர, ஏறத்தாழ 350 ஆண்டுகள் கடக்க வேண்டியிருந்தது.

1604இல் லண்டனில் ராபர்ட் காட்ரி வெளியிட்ட சிறு நூலே ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறிய முதல் அகராதியாகக் கருதப்படுகிறது. சுமார் 2,500 அருஞ்சொற்களுக்கு அது சுருக்கமாகப் பொருள் தந்தது; எடுத்துக்காட்டு தரவில்லை. 1755இல் சாமுவேல் ஜான்சன் வெளியிட்ட பேரகராதி ஏறத்தாழ 42,000 சொற்களை விளக்கி, 1,14,000 அளவிலான மேற்கோள்களைச் சான்றோர் நூல்களிலிருந்து திரட்டித் தந்தது. ஆயினும் அம்மேற்கோள்கள் சொல்லின் பெருமைக்குச் சான்றாயினவேயன்றி, புதிதாகக் கற்பவருக்கு வழிகாட்டியாகவில்லை. வலையைக் குறிக்கும் ஓர் எளிய சொல்லுக்கு அவர் அளித்த விளக்கம், அச்சொல்லைவிடக் கடினமாயிருந்ததென அவர் காலத்தவரே நகையாடினர்.

இக்குறை தீர வழி பிறந்தது இங்கிலாந்தில் அன்று, ஆசிய வகுப்பறைகளில். டாக்காவில் கல்விப் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், வங்காள மாணவர்கள் ஆங்கில நூல்களைப் படிக்கத் தடுமாறுவதை நேரில் கண்டவர். கற்பவர் முன்னரே அறிந்த சொற்களைக் கொண்டே புதுச்சொல்லை விளக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. ஜேம்ஸ் எண்டிகாட்டுடன் இணைந்து 1935இல் அவர் வெளியிட்ட அகராதி, 24,000 சொற்களையும் தொடர்களையும் 1,490 சொற்களுக்குள்ளேயே விளக்கிக் காட்டியது. விளக்கவுரையின் சொல்லளவுக்கு வரம்பு கட்டும் இம்முறையை 1978இல் லாங்மன் அகராதியும் சுமார் 2,000 சொற்களைக் கொண்டு பின்பற்றியது.

விளக்கம் எளிதானபின்னும் ஒரு சிக்கல் எஞ்சி நின்றது. ‘எக்ஸ்பிளெயின்’ என்றால் விளக்குதல் என அறிந்த மாணவர், ‘அவருக்கு விளக்கினேன்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதுகையில் இடையே ‘டு’ என்னும் சொல்லை விட்டுவிடுகிறார். பொருள் தெரியும்; வாக்கியம் தெரியாது. 1924இல் ஆங்கிலம் கற்பிக்க ஜப்பான் சென்ற ஏ. எஸ். ஹார்ன்பி, இத்தகைய பிழைகளையே தம் ஆய்வுக்கு அடிப்படையாக்கினார். வினைச்சொற்கள் எவ்வெவ்வாறு தொடரும் என்பதை வாய்பாடுகளாக வகுத்து, ஒவ்வொன்றையும் எடுத்துக்காட்டு வாக்கியங்களால் விளக்கினார். கேட்டன்பி, வேக்ஃபீல்ட் ஆகியோருடன் அவர் தொகுத்த அகராதி, சிங்கப்பூர் ஜப்பானியர் வசமான அதே 1942ஆம் ஆண்டில் டோக்கியோவில் வெளிவந்தது. பகை நாட்டின் மொழியைக் கற்பிக்கும் நூல் போர்க்காலத்திலும் அச்சேறியது வியப்புக்குரியது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் அதனை மறுபதிப்பாக வெளியிட்டது. உலகெங்கும் பரவிய கற்போர் அகராதி அதுவே.

அடுத்த திருப்பம் 1987இல் நேர்ந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் உருவான கோபில்டு அகராதி, கணினியில் திரட்டிய உண்மையான வழக்கிலிருந்தே எடுத்துக்காட்டுகளைத் தெரிந்தெடுத்தது. பொருள் விளக்கத்தையும் முழு வாக்கியமாகவே எழுதியது. பொருளுக்கும் வாக்கியத்துக்கும் இடையே நின்ற சுவர் அங்கே தகர்ந்தது.

இவ்வரலாறு நமக்கு ஏன் வேண்டும்? சிங்கப்பூர்ப் பள்ளிகள் அனைத்திலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியாக நிலைபெற்றதும் அந்த 1987இல்தான். ஆங்கிலத்தை அயலவராய்க் கற்ற தலைமுறையின் பேரப்பிள்ளைகளிற் பலர், இன்று தமிழை அந்நிலையில் நின்று கற்கின்றனர். ‘பசி’ என்பதன் பொருள் அறிந்த பிள்ளை, ‘நான் பசிக்கிறேன்’ என்று கூறக் கேட்கிறோம். ‘எனக்குப் பசிக்கிறது’ என்னும் அமைப்பைப் பொருள் விளக்கம் ஒருபோதும் கற்பிக்காது, வாக்கியமே கற்பிக்கும்.

நம் மொழிக்கு அகராதிச் செல்வம் குறைவன்று. நிகண்டுகள் தொன்மையானவை. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்களைத் தொகுத்தது. 1992இல் வெளிவந்த ‘க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி’ இக்கால உரைநடை வழக்கிலிருந்து எடுத்துக்காட்டுகளைத் தந்து புதுவழி திறந்தது. ஆயினும் இவை தமிழறிந்தோரை முன்னிறுத்தி அமைந்தவை. அறிந்த சில நூறு சொற்களைக் கொண்டு அறியாத சொல்லை விளக்குவதும், அதனை நம் பேருந்து நிலையத்திலும் அங்காடியிலும் வழங்கும் வாக்கியத்தில் வைத்துக் காட்டுவதுமே இங்குள்ள பிள்ளைக்கு வேண்டுவன. வெஸ்டும் ஹார்ன்பியும் நூலகத்திலிருந்து தொடங்கவில்லை; மாணவரின் பிழையிலிருந்து தொடங்கினர். நம் பிள்ளைகளின் பிழைகளைக் கண்டு வருந்தும் நாமும், அவற்றைத் திரட்டி எழுதிவைப்பதிலிருந்து தொடங்கலாம்.