பரங்கிமலைப் படிகள்

போன ஞாயிற்றுக்கிழமை பேரனோடு பரங்கிமலைக்குப் போனேன். "கார்லயே மேல வரைக்கும் போயிடலாம், தாத்தா" என்றான். எனக்கு மனசு வரவில்லை. சிறுவயதில் ஆலந்தூரிலிருந்து நடந்து வந்து, அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு ஏறிய படிகள் அவை. "நீ காரில் போய் மேலே இரு, நான் வந்துவிடுகிறேன்" என்று இறங்கிவிட்டேன்.

மலை சுமார் 300 அடிதான். ஆனால் எழுபத்தொரு வயது முழங்காலுக்கு அது இமயமலை! பத்துப் படிக்கு ஒருமுறை நின்றேன். வழியில் ஒரே ஒரு அம்மாள், ஜெபமாலையோடு இறங்கி வந்தார். மற்றபடி வெயிலும் நானும்தான். அன்று கூட்டம் நெரிந்த இடம் இது. சாலை வந்தபின் படியை யார் நினைக்கிறார்கள்?

இந்தப் படிகளைக் கட்டியவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். பாரசீகத்தின் ஜுல்பாவிலிருந்து வந்து சென்னையில் பெரும் பொருள் ஈட்டியவர். மலை உச்சியில் போர்த்துகீசியர் கட்டிய கோயிலுக்குப் போகிற பக்தர்களுக்கு இரண்டு இடைஞ்சல்கள். முதலில் அடையாற்றைக் கடக்க வேண்டும். பிறகு கரடுமுரடான மலையில் ஏற வேண்டும். உஸ்கான் இரண்டுக்கும் தன் கைப்பணத்திலேயே வழி செய்தார். 1726-இல் சைதாப்பேட்டையில் மார்மலாங் பாலம், மலையில் இந்தப் படிக்கட்டு. பாலத்துக்கு முப்பதாயிரம் பகோடா செலவு என்பார்கள். கட்டியதோடு விடாமல், அதன் பராமரிப்புக்கும் தனியாகப் பணம் ஒதுக்கினார். இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். கட்டுகிறவர்கள் பலர், கட்டியது நாளைக்கும் நிற்க வேண்டுமே என்று கவலைப்படுகிறவர்கள் சிலர்.

1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, அவர்கள் பக்கம் சேர மறுத்துத் தன் சொத்தை இழந்தார். 1751-இல் காலமானார். உடல் வேப்பேரியில் இருக்கிறது. இதயத்தை மட்டும் பிறந்த ஊரான ஜுல்பாவுக்கு அனுப்பச் சொன்னாராம்.

அவருடைய பாலம் இன்று இல்லை. அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. பழைய பாலத்தின் நினைவாக மிஞ்சியது ஒரு கல்வெட்டுதான். ஆனால் அவர் போட்ட படிவழியில் இன்றும் நாம் கால் வைக்கலாம். ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகளாகப் புழங்கும் வழி. ஆள் நடக்காத வழியில் புல் முளைக்கும். அதற்குப் பிறகு அதை வழி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மூச்சு வாங்க உச்சியை அடைந்தேன். கீழே மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. பேரன் ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அந்த ஆர்மீனியர் கதையைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "இறங்கும்போது நானும் உங்களோட படியிலயே வர்றேன், தாத்தா" என்றான்.

இறங்கினோம். இந்த முறை அவன்தான் என் விரலைப் பிடித்துக்கொண்டான்.

முழங்கால் இடம் கொடுக்கிறவர்கள் ஒருமுறை படியேறிப் பாருங்கள். பேரப்பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள்.