வெட்டி ஒட்டிய உயிர், கட்டி எழுப்பிய உடல்

1977 மே 25 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் ‘ஸ்டார் வார்ஸ்’ வெளியானது. அதில் ஆர்2-டி2 என்றொரு ரோபோ வந்தது. இடுப்பளவு உயரம், வெள்ளையும் நீலமுமாக உருளை உடம்பு, சுற்றிச் சுற்றித் திரும்பும் அரைக்கோளத் தலை, சொல்லே இல்லாத விசில் மொழி. அது உருண்டது, தள்ளாடியது, அடம்பிடித்தது, நண்பனுக்காகக் கவலைப்பட்டது. பார்த்தவர்கள் அதை நம்பினார்கள். ஆனால் இவை எல்லாவற்றையும் செய்யக்கூடிய ஒரு ரோபோ அன்று உலகில் எங்குமே இல்லை. தளத்தில் இருந்தவை தனித்தனிக் கூடுகள். ஒன்று உருளும், நிற்கும் விதம் வேறு. இன்னொன்று ஆடும், உருளத் தெரியாது. எடிட்டிங் மேசைதான் அவற்றை வெட்டி ஒட்டி ஓர் உயிராக்கியது.

அந்த உயிருக்கு முழு உடல் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. அதைக் கொடுத்ததில் பெரும்பங்கு ஸ்டூடியோவுக்கு உரியதன்று. வேலை முடிந்து வீடு திரும்பி, கார் நிறுத்தும் கொட்டகையில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்த பொழுதுபோக்குக் கலைஞர்களுக்கு உரியது.

ஆர்2-வின் பிறப்புக்கு முன்னோடிகள் உண்டு. டக்ளஸ் ட்ரம்புல் இயக்கிய ‘சைலன்ட் ரன்னிங்’ (1972) படத்தில் மூன்று குட்டி ரோபோக்கள் வரும். கால்களை இழந்த நடிகர்கள் அவற்றுக்குள் இருந்து கைகளால் நடந்து உயிர் கொடுத்தார்கள். மனித உருவமே இல்லாத ஒரு பெட்டிமீதும் பார்வையாளருக்குப் பாசம் வரும் என்பதை அந்தப் படம் காட்டிவிட்டது. அகிரா குரோசாவாவின் ‘ஹிட்டன் ஃபோர்ட்ரஸ்’ படத்தில் ஓயாமல் சண்டை போட்டபடி கூடவே திரியும் இரண்டு குடியானவர்கள் வருகிறார்கள். அவர்களின் கண் வழியாகப் பெரிய கதையைச் சொல்லும் உத்தியை ‘ஸ்டார் வார்ஸ்’ இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் அங்கிருந்து எடுத்துக்கொண்டார். 1975-இல் ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி தூரிகையைத் தொட்டார். பாலைவனத்தில் ஒரு நெட்டை ரோபோவும் ஒரு குட்டை ரோபோவும் நிற்கும் அவர் ஓவியத்தில்தான் ஆர்2 முதன்முதலாக உருவம் பெற்றது.

ஓவியத்தைப் பொருளாக்கும் வேலை இங்கிலாந்தின் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் நடந்தது. முதலில் மரத்தில் ஒரு மாதிரி. பிறகு சிறப்புக் காட்சிகளுக்குப் பொறுப்பேற்ற ஜான் ஸ்டியர்ஸின் குழு அலுமினியத்துக்கு மாறியது. தலையில் துருத்திக்கொண்டிருக்கும் சிறு உருண்டைகளை நினைத்துப் பாருங்கள். படத்தில் வரும் இளவரசியின் ஒளியுருவத்தை வீசிக் காட்டுவது அவற்றில் ஒன்றுதான். உண்மையில் அவை விக்கர்ஸ் விஸ்கவுன்ட் வகைப் பயணிகள் விமானத்தில் இருக்கைக்கு மேலே படிப்பதற்காகப் பொருத்தியிருந்த விளக்குகள். எதிர்காலத்தின் கருவியைக் காயலான் கடைப் பொருளில் கண்டெடுத்த கண்கள் அந்தக் குழுவுடையவை!

கூடுகளில் இரண்டு வகை முக்கியம். ஒன்று மூன்று கால்களில் சாய்ந்து நின்று ரேடியோ கட்டளைக்கு உருளுவது. மற்றது இரண்டு கால்களில் நேராக நிற்பது. இதற்குள் கென்னி பேக்கர் என்ற நடிகர் உட்கார்ந்திருப்பார். பர்மிங்ஹாமில் பிறந்த அவர் உயரம் சுமார் 112 செ.மீ. மேடைக் கேளிக்கை நிகழ்ச்சிகளில் பழகியவர். இருட்டுக் கூட்டுக்குள் இருந்தபடி உடம்பை ஆட்டி, ஆர்2-வின் பதற்றத்தையும் உற்சாகத்தையும் வெளியே தெரியவைத்தார். குரலை ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட் தந்தார். ஏ.ஆர்.பி. 2600 என்ற சின்தசைசரின் ஒலியோடு தன் வாயாலேயே எழுப்பிய மழலை ஒலிகளைக் கலந்தார். அந்தக் கலவையில்தான் இயந்திரத்துக்குக் குழந்தைமை வந்தது.

1976 மார்ச் மாதம் துனிசியப் பாலைவனத்தில் படப்பிடிப்பு தொடங்கியபோது ரேடியோ ரோபோக்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சிக்னல் குழம்பியது. மணலிலும் கரடுமுரடான தரையிலும் சின்னச் சக்கரங்கள் திணறின. சில காட்சிகளுக்குக் கண்ணுக்குத் தெரியாத கம்பியைக் கட்டி இழுத்தார்கள். விண்வெளிக் காட்சிகளிலோ வேறொரு தொல்லை. நீலத் திரைக்கு முன் படம் பிடித்தால் உடம்பிலுள்ள நீலமும் பின்னணியோடு சேர்ந்து மறைந்துவிடும். அதனால் நீலப் பகுதிகளைக் கறுப்பாக்கினார்கள். போர் விமானத்தின் முதுகில் உட்கார்ந்து பறக்கும் ஆர்2 கறுப்புக் கோடுகளோடு தெரிந்த காரணம் இதுதான். பிற்காலத்தில் இதை நகலெடுக்க உட்கார்ந்தவர்களுக்கு முதல் சிக்கலே இங்கு காத்திருந்தது. எந்த ஆர்2-வை நகலெடுப்பது?

படத்துக்குப் படம் ஆர்2 மாறியது. இரண்டாம் படமான ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’குக்காக டோனி டைசனின் ஒயிட் ஹார்ஸ் டாய் கம்பெனி எட்டு ஆர்2-க்களைச் செய்தது. ரேடியோவில் ஓடுபவை இரண்டு, நடிகர் உட்காரும்படியானவை இரண்டு, அடிபடவும் சேற்றில் விழவும் நான்கு. இவற்றில் அலுமினியத்தின் இடத்துக்குக் கண்ணாடியிழை வந்தது. 1999-இல் வெளியான ‘தி ஃபான்டம் மெனஸ்’ படத்துக்குக் கலிஃபோர்னியாவின் ஐ.எல்.எம். என்ற சிறப்புக் காட்சி நிறுவனம் சக்கர நாற்காலி மோட்டார்களைப் பொருத்தி ஆர்2-வை வேகமாக ஓடவைத்தது. 2003-இல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகம் ரோபோக்களுக்கான புகழ்மண்டபத்தைத் தொடங்கி, முதல் ஆண்டிலேயே ஆர்2-வைச் சேர்த்தது. தொழிற்சாலையில் உண்மையாகவே உழைத்த யூனிமேட்டும், செவ்வாயில் உருண்ட சோஜர்னரும் அதே வரிசையில் இருந்தன.

அதற்குள் இன்னொரு கதை தொடங்கியிருந்தது. 1999-இல் ஆஸ்திரேலியர் ஒருவர் முன்னின்று ‘ஆர்2 பில்டர்ஸ் கிளப்’பைத் தொடங்கினார். அளவு பிசகாத, அசலுக்குச் சமமான ஆர்2-வை வீட்டிலேயே செய்ய வேண்டும் என்ற ஆசை பல ஊர்களில் பலருக்குத் தனித்தனியாக இருந்தது. அவர்களை அது ஒன்றுசேர்த்தது. கையில் வரைபடம் இல்லை. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். அருங்காட்சியகக் கண்காட்சிகளில் கண்ணாடிப் பேழையைச் சுற்றிச் சுற்றிப் புகைப்படம் எடுத்தார்கள். தெரிந்த ஓர் அளவைக் கொண்டு தெரியாத பத்து அளவுகளைக் கணக்கிட்டார்கள். பழைய விமான உதிரிக் கடைகளில் விஸ்கவுன்ட் விளக்கைத் தேடினார்கள்.

அளவெடுக்க எடுக்க ஓர் உண்மை தெரிந்தது. அசல்களிலேயே எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. அவசரத்தில் செய்து, தளத்தில் அடிபட்டு, ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டுப்போட்டவை அவை. எனவே கிளப் தனக்கென ஒரு பொது வரைபடத்தை வகுத்துக்கொண்டது. இந்த முடிவுதான் கதையின் அச்சாணி என்று நான் நினைக்கிறேன். ஒரே வரைபடத்தை எல்லோரும் ஏற்றுக்கொண்டதால், டெக்ஸஸில் ஒருவர் வெட்டிய சட்டத்தில் இங்கிலாந்தில் ஒருவர் வெட்டிய மேல்தகடு கச்சிதமாக உட்கார்ந்தது. லேத் வைத்திருப்பவர் ஒருவர், தேவைப்படுவோரின் பட்டியலை எடுத்து, ஒரே மூச்சில் அத்தனை பேருக்கும் கணுக்கால் உருளைகளைக் கடைந்து அடக்கவிலைக்கு அனுப்புவார். இன்னொருவர் லேசரில் தகடு வெட்டுவார். மற்றொருவர் ரெசின் வார்ப்பார். லாபம் பார்க்கக் கூடாது என்பது கிளப்பின் ஒழுங்கு. படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் இவர்களைத் தடுக்காமல் விட்டதற்கும் அந்த ஒழுங்குதான் காரணம்.

இந்த ரோபோவைச் செய்வது பல தொழில்களைக் கற்பது. தலை என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அலுமினிய அரைக்கோளங்கள். குறுக்களவு ஏறத்தாழ 18 அங்குலம். வெளிக்கோளத்தில் கதவுகளை வெட்டியெடுத்து உள்கோளத்தின்மேல் பொருத்த வேண்டும். உடம்பிலும் அப்படியே இரண்டடுக்குத் தகடு. அலுமினியத்துக்குப் பணமில்லாதவர் ப்ளைவுட்டில் சட்டம் அறுத்து, ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகட்டைச் சுற்றி ஒட்டுவார். நீல வண்ணத்துக்கென்றே ஒரு தனி விவாதம் உண்டு. முதல் படத்தின் ஆர்2-வில் பளபளப்பான உலோகத்தின்மேல் ஒளி ஊடுருவும் நீலச்சாயம் பூசப்பட்டிருந்தது. வெளிச்சத்துக்கு வெளிச்சம் அது ஊதாவாகவும் கருநீலமாகவும் மாறும். அதைப் பிடிப்பதற்காகவே திரும்பத் திரும்பச் சுரண்டிப் பூசுபவர்கள் இருக்கிறார்கள். முழு அலுமினிய ஆர்2 முடிய வருடங்கள் ஆகும். செலவு பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது வழக்கம்.

கூடு முடிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. மேம்படுத்தும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. முதலில் கால்களில் மோட்டார் ஏறும். சிறுவர் மின்ஸ்கூட்டரின் மோட்டாரும் சக்கர நாற்காலி மோட்டாரும் இதற்கு உதவின. சாப்பாட்டு மேசையில் சுழலும் தட்டுக்கு அடியிலிருக்கும் வளைய பேரிங்கைக் கழுத்தில் வைத்துத் தலையைச் சுழற்றினார்கள். தலை சுழன்றதும் உள்ளேயிருந்த ஒயர்கள் முறுக்கிக்கொண்டன. அதற்கு ஸ்லிப் ரிங் என்ற சுழல் இணைப்பு வந்தது. இனி தலை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் மின்சாரம் அறுபடாது. முதல் படத்தில் நெற்றி விளக்குகள் ஒளியிழைக் கற்றைகள் வழியே மினுங்கின. அந்த இடத்தில் எல்.இ.டி.க்கள் அமர்ந்தன. அவற்றை எந்த வரிசையில் மினுக்குவது, எந்தக் கதவை எப்போது திறப்பது, எந்த விசிலை ஒலிப்பது என்பதையெல்லாம் ஆர்டுயினோ போன்ற மலிவு மின்னணுப் பலகைகள் ஏற்றுக்கொண்டன.

எனக்கு மிகவும் பிடித்த மேம்பாடு வெளியே தெரியாத ஒன்று. ஆரம்பத்தில் பொம்மை விமானம் பறக்கவிடும் பெரிய ரேடியோ பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆர்2-வை ஓட்டினார்கள். குழந்தைகள் பெட்டியைப் பார்த்ததும் ரோபோவை விட்டுவிட்டு மனிதரைப் பார்த்தார்கள். பிறகு வீடியோ கேம் கைப்பிடியில் ஓட்டுவதற்கான மென்பொருளை உறுப்பினர்களே எழுதினார்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் கைப்பிடி சட்டைப் பைக்குள் போனது. ஓட்டுபவர் கூட்டத்தில் ஒருவராகக் கரைந்துவிட்டார். குழந்தைகள் மருத்துவமனைகளுக்கும் நிதி திரட்டும் விழாக்களுக்கும் ஆர்2 தனியே உருண்டு போகிறது. படுக்கையில் இருக்கும் குழந்தை தன் பெயரைச் சொல்கிறது, ஆர்2 தலையைத் திருப்பி விசிலடிக்கிறது. இத்தனை உழைப்பும் எதற்காக என்று கேட்பவருக்கு இதைவிடப் பதில் வேண்டாம்.

தொழில்நுட்பத்தில் உச்சம் கால் மாற்றம்தான். இரண்டு காலில் நேராக நிற்கும் ஆர்2 பின்னால் சாய்ந்து, நடுக்காலை இறக்கி, மூன்று காலில் உருண்டு, மறுபடி இரண்டு காலில் நிமிர வேண்டும். முதல் படம் இதை ஷாட் மாற்றிக் காட்டியது. இந்த முழு ஆட்டத்தையும் கண்முன்னே செய்வது எளிதன்று. உடம்பு 18 பாகை சாய வேண்டும். அதே நேரத்தில் நடுக்கால் இறங்க வேண்டும். தோள்மூட்டு ஒரு நிலையில் தளர்ந்து, மறுநிலையில் பூட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கணம் முந்தினாலும் பிந்தினாலும், நூறு கிலோவை நெருங்கும் இயந்திரம் முகம் குப்புற விழும். திருகுத் தண்டால் நீளும் மோட்டார்கள், எல்லையைத் தொட்டதும் நிறுத்தும் சுவிட்சுகள், கால் இறங்கியதை உறுதி செய்யாமல் உடம்பைச் சாய்க்காத கட்டளைகள் என ஒவ்வொன்றாகச் சேர்த்து இதையும் சாதித்தார்கள். எடிட்டிங் மேசையில் மட்டுமே வாழ்ந்த ஆர்2 இப்படித்தான் கொட்டகைத் தரையில் ஒரே உடம்பாக நின்றது.

2013 ஜூலையில் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் ‘ஸ்டார் வார்ஸ் செலிப்ரேஷன்’ விழா நடந்தது. கிளப் உறுப்பினர்கள் ரோபோக்களை நிறுத்தியிருந்த பகுதிக்கு லூகாஸ்ஃபிலிம் தலைவர் கேத்லீன் கென்னடி வந்தார். தேவைப்பட்டால் பிரிட்டன் உறுப்பினர்கள் உதவத் தயார் என்று பேச்சுவாக்கில் அவரிடம் சொன்னார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் லீ டவர்சி, ஆலிவர் ஸ்டீபிள்ஸ் என்ற இருவர் ‘தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்’ படத்துக்கு ஆர்2-வைச் செய்யும் பணியில் அமர்த்தப்பட்டார்கள். 2015-இல் திரையில் வந்த ஆர்2 அவர்கள் கைவண்ணம். திரையிலிருந்து வீட்டுக்கு வந்த பொருள், வீட்டிலிருந்து திரைக்குத் திரும்பிய பயணம் இது.

நகல் எங்கே முடிகிறது, அசல் எங்கே தொடங்குகிறது? 2017 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸ் ஏலமொன்றில் ஓர் ஆர்2 சுமார் 27.6 லட்சம் டாலருக்கு விலைபோனது. அதுவும் ஒரே நாளில் பிறந்த உடம்பன்று. பல படப்பிடிப்புகளில் பயன்பட்ட பாகங்களைத் தேடிச் சேர்த்துக் கோத்தது. சக்கரம் மாறி, அச்சு மாறி, கால்கள் மாறினாலும் ஊர் வடம்பிடிக்கும் தேர் அதே தேர்தான். ஆர்2-வும் அப்படித்தான். ஒரு குறிப்பிட்ட உலோகத் துண்டு அதற்கு அடையாளத்தைத் தருவதில்லை. அளவு தவறக் கூடாது என்று பாடுபடும் கைகள் தருகின்றன.

இன்று லேத் தேவையில்லை, அலுமினியமும் கட்டாயமில்லை. வீட்டிலிருக்கும் த்ரீ-டி பிரிண்டரில் நாள் கணக்கில் பாகங்கள் அச்சாகின்றன. அச்சான வரிகள் தெரியாமலிருக்கப் பட்டி பூசி, உப்புத்தாளில் தேய்த்து, மறுபடி பூசித் தேய்க்கிறார்கள். செலவு இறங்கியதால் பள்ளி மாணவரும் ஆரம்பிக்க முடிகிறது. ஆனால் பொறுமையை அச்சிட்டுத் தர எந்த இயந்திரமும் இல்லை. நேற்று சேர்ந்தவர் கேட்கும் சின்னக் கேள்விக்கு, இருபது ஆண்டு அனுபவமுள்ளவர் அளவோடும் படத்தோடும் பதில் சொல்லும் பழக்கமே இந்தப் பொருளின் உண்மையான சொத்து. லாபத்துக்காக மட்டும் செய்திருந்தால் ஆர்2 பொம்மைக் கடையோடு நின்றிருக்கும். கற்றதை மறைக்காமல் கொடுத்தவர்களால்தான் அது முழுமை பெற்றது, இன்னும் பெற்றுக்கொண்டிருக்கிறது.