சிகானா ஓவியர் வரைந்த தம் முகம்

1848-ஆம் ஆண்டு குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையின்படி மெக்சிகோ தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு விட்டுக்கொடுத்தது. அங்கு வாழ்ந்த மெக்சிகோ மக்கள் வீடு மாறவில்லை, நாடு மாறிவிட்டது. பின்னர்ப் பிழைப்பை நாடி வடக்கே சென்றோரும் அவர்களுடன் சேர்ந்தனர். அவர்தம் பிள்ளைகள் பள்ளியில் ஸ்பானிய மொழி பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டதும் உண்டு.

இம்மக்களைச் 'சிகானோ' என்று சிலர் இழிவாக அழைத்தனர். 1960-களில் உரிமை வேண்டி எழுந்த இளைஞர்கள் அச்சொல்லையே பெருமையுடன் ஏற்றனர். 'சிகானா' அதன் பெண்பால். சொற்களோடு நாள்தோறும் பழகும் நாம் இங்கே ஓர் உண்மையைக் காண்கிறோம்: சொல்லின் பொருள் அகராதியில் மட்டும் இல்லை, அதைச் சொல்பவர் தலைநிமிர்ந்து சொல்கிறாரா என்பதிலும் இருக்கிறது.

எனினும், அவ்வியக்கத்தின் ஓவியங்களில் வீரர் பெரும்பாலும் ஆண்களே. பெண் தாயாகவோ தெய்வமாகவோ நின்றாள். இக்குறையைத் தீர்க்கப் பெண்களே தூரிகை ஏந்தினர். யோலாந்தா லோபெஸ் (1942–2021) என்பார் 1978-இல், மெக்சிகோ மக்கள் போற்றும் குவாதலூப்பே அன்னையின் ஒளிவட்டத்துக்குள் மூவரை வரைந்தார். ஒரு படத்தில் அவரே ஓடி வருகிறார். மற்றொன்றில் அவருடைய தாய் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து, அன்னையின் விண்மீன் போர்வையைத் தைக்கிறார். மூன்றாவதில் பாட்டி அமைதியாக வீற்றிருக்கிறார். இதனை நிந்தனை என்றோரும் உளர். ஆனால் உழைத்து ஓய்ந்த பெண்களுக்கும் அவ்வொளி உரியது என்பதே ஓவியத்தின் கருத்து.

எஸ்தர் எர்னாந்தெஸ், பண்ணைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். உலர்திராட்சைப் பெட்டியில் புன்னகைக்கும் மங்கையை 1982-இல் அவர் எலும்புக்கூடாகத் தீட்டி, தோட்டங்களில் தெளிக்கப்படும் பூச்சிமருந்தின் கொடுமையைக் காட்டினார். ஜூடித் பாக்காவோ, லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் வெள்ளக் கால்வாய்ச் சுவரில், பாடநூல்கள் விட்டுவிட்ட மக்களின் வரலாற்றை ஏறத்தாழ அரை மைல் நீளத்துக்கு எழுதுவித்தார். 1976-இல் தொடங்கிய அப்பணியில் நானூறுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பங்குகொண்டனர்.

நம் நிலை அவர்கள் நிலை அன்று. நாம் வேலையின் பொருட்டு நம் நாட்டுக்குள்ளேயே இடம் பெயர்ந்தவர்கள். ஆயினும் அவர்கள் உணர்த்துவது நமக்கும் பொருந்தும். பண்பாடு பெட்டியில் பூட்டிவைக்கும் பட்டாடை அன்று. உழைக்கும் கைகள் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத் தைக்கும் போர்வை. அதைத் தைப்பவரின் முகத்தையும் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.